ரேடியோவிடம் முறையிட்ட அம்மா

பிள்ளைகளே, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த முதல் ரேடியோ, எங்களை வேலை வாங்கிய கணக்கப்பிள்ளையுடையது. அதைத் தன் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு அவர் சொன்ன பொய்யை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

"நாம பேசுறதையும் இது தொரை பங்களாவுக்குக் கொண்டுபோயிரும். குறை கிறை பேசாம பாட்டைக் கேளுங்க."

நாங்களும் அதை நம்பி, இருமக்கூடப் பயந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் கடைசி லயத்து அம்மா ஒருவரும் அங்கே வருவார். குள்ளமான உருவம், கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். யாரிடம் பேசினாலும் முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசுவார். அப்போது அவர் மகள் பிள்ளை பெற்றிருந்தாள். வீட்டுக் கூரையோ ஒழுகியது.

ஒரு மாலை, பாட்டின் நடுவே அவர் எழுந்து ரேடியோவின் முன்னால் போய் நின்றார்.

"தொரைங்களே, எங்க காம்பராவுல தகரம் ஓட்டைங்க. பச்சப்புள்ள மேல தண்ணி சொட்டுது. கணக்கப்பிள்ளை ஐயாகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுங்க."

கணக்கப்பிள்ளை பாய்ந்து வந்து ரேடியோவை நிறுத்தினார். "இதுக்கு என்னா காதா இருக்கு?"

"நீங்கதானே ஐயா இருக்குன்னு சொன்னீங்க. போடுங்க, நான் இன்னும் முடிக்கல."

முற்றமே சிரித்தது. மறுநாள் அந்த மனிதர் தகரம் அனுப்பவில்லை, ஜன்னலைத்தான் மூடினார். எவ்வளவு அநியாயம், பாருங்கள்.

ஆனால் தகரம் வந்து சேரும்வரை, அந்த அம்மா தினமும் மாலையில் மூடிய ஜன்னலிடம் வந்து பேசினார். அவர் அந்தப் பொய்யை நம்பித்தான் பேசினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் பேசத் தொடங்கியதும் உள்ளே பாட்டு நின்றுவிடும்.