கரும்புக்குள்ள பூந்துக்கின பூனை

...மூலவூட்டுக்காரி பொட்டியத் தூக்கிகினு நேரா நைனார்பாளையத்துல அம்மா வூட்டுக்குப் பூட்டாளாம். பின்ன இன்னா பண்ணுவா? மூலவூட்டுக்காரன் ரெண்டாவதா ஒருத்தியக் கூட்டியாந்து நடுவூட்டுல ஒக்கார வெச்சிட்டு, ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாரி இருங்கன்னு சொன்னானாம். இவன் சொன்னா ஆயிடுமா? நீ ஏன் நின்னுகினே கீற, அந்தப் பலகைய இழுத்துப் போட்டுகினு ஒக்காரு. அவளுக்காவது போறதுக்கு ஒரு அம்மா வூடு கீது. எங்க வூட்டுப் பெரிய பூனைக்கு இன்னா கீது சொல்லு? வூட்டுக்குப் பின்னால நிக்கிற கரும்புதான் கீது. அத்தயும் இன்னிக்கி வெட்டுறாங்க.

சத்தம் கேக்குது பாரு, சரக்கு சரக்குன்னு. காலையில இருந்து அத்தக் கேட்டுகினுதான் ஒக்காந்திருக்கேன். சோறு எறங்கல.

நீ பொண்ணு பிரசவத்துக்கு சங்கராபுரம் போயிட்ட, உனக்கு எதுவும் தெரியாது. கொழந்த யாரு மாரி கீது? மூக்கு அவங்கப்பன் மூக்கா? போவட்டும், வளர வளர மாறும். எம்மவன் மூக்கும் அப்பிடித்தான் இருந்திச்சி, இப்ப பாரு. இன்னா சொல்லிகினு இருந்தேன்? ஆங், எம்மவன். அவன் மலைக்கு வண்டி ஓட்டுறான் இல்ல, வெள்ளிமலையில இருந்து புளி மூட்ட ஏத்தியாந்தான். மூட்டையெல்லாம் எறக்கிட்டு, சட்டைக்குள்ள கைய வுட்டு ஒண்ண எடுத்து என் மடியில போட்டான். பூனைக்குட்டி. ஒரு கையில அடங்கிடும். ஒடம்பு பூரா புளி வாசன. மூட்ட சந்துல ஒக்காந்துகினே மலை எறங்கி வந்திருக்கு, எவங்க வூட்டுதோ.

பெருசுக்குப் பல்லு போயிடிச்சி, மக்காச்சோள மூட்டைய எலி ஓட்டை போடுது, இது இருக்கட்டும்மான்னான். அவன் சொன்னதுல தப்பு இல்ல. கொஞ்ச நாளாவே பெருசு மூஞ்சிக்கு நேரா எலி போனாலும் தலைய மட்டும் திருப்பிப் பாக்கும். எலிய வழியனுப்பி வெக்கிறாப்புல இருக்கும், எனக்கு சிரிப்பு தாங்காது. பல்லு இல்லன்னா இன்னா, எனக்கு மட்டும் வாய் நெறையவா கீது? ரெண்டு பேரும் ஒரே கஞ்சியக் குடிச்சிகினு கெடந்தோம்.

புதுப் பூனை வூட்ட வுட்டு ஓடாம இருக்கணும்னா, கால்ல வெளக்கெண்ண தடவி அடுப்பச் சுத்தித் தூக்கியாரணும்னு எங்க மாமியா சொல்லுவாங்க. எண்ணைய நக்கிகினே எடம் பழகிடுமாம். பெருசு குட்டியா வந்தப்ப அவங்க கையாலதான் தடவுனாங்க. அதே மாரி நானும் சின்னதுக்குத் தடவுனேன். எப்பத் தடவுனேன்? பெருசு அடுப்புச் சாம்பல்ல படுத்துகினு பாத்துகினு இருக்கும்போதே தடவுனேன். காலையில வெதவெதன்னு இருக்கும் இல்ல, அந்தச் சாம்பல்தான் அதுக்கு மெத்த. அது எழுந்து ஒடம்ப ஒதறிச்சி. சீறும்னு பாத்தேன். சீறியிருந்தா தேவலாம். சத்தமே இல்லாம வெளிய போயி தொவைக்கிற கல்லு மேல ஒக்காந்துகிச்சி. நான் இன்னா பண்ணேன் தெரியுமா, எடம் காலியாத்தான கீதுன்னு சின்னத்த அந்தச் சாம்பல்ல படுக்க வெச்சேன், குளுருமேன்னு. மலக் குளுருல பொறந்ததுக்கு இங்க இன்னா குளுரு? அப்ப அது தோணல எனக்கு.

அதோட சரி. பெருசு அடுப்பங்கரைக்கு வரவே இல்ல. பால வெளிய கொண்டு போயி வெச்சேன். மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிகிச்சி. அப்பால மதிலு மேல படுத்துகினு இருந்திச்சி. அதுக்கப்பால மதில்லயும் இல்ல. கரும்போரத்துல வாலு மட்டும் தெரிஞ்சிச்சி, பூந்துகிச்சி.

தேடலியான்னு கேக்காத. வரப்புல போயி நின்னுகினு தொண்ட கட்டுற வரிக்கும் கூப்புட்டேன். கருவாட்டச் சுட்டு எடுத்துகினு போனேன். ஒரு நாளு வந்திச்சி. காஞ்ச கரும்புச் சோவைய வெலக்கிகினு மெதுவா, எளச்சிப் போயி, காதுல முள்ளு கீறி. என் காலண்ட வந்து ஒரசப் போச்சி. எனக்கு உசுரே வந்தாப்புல இருந்திச்சி. முந்தானைய மோந்திச்சி. அப்பிடியே மோந்துகினே நின்னுட்டு என் மூஞ்சப் பாத்திச்சி. கருவாட்டத் தொடல. திரும்பி உள்ள பூட்டிச்சி.

வூட்டுக்கு வந்து முந்தானைய எடுத்து மோந்து பாத்தேன். புளி வாசனையும் வெளக்கெண்ணையும். நாளெல்லாம் இந்தக் குட்டிய மடியில போட்டுகினு கீறேன், பின்ன எப்பிடி? அடுத்த நாளு தலைக்குத் தண்ணி ஊத்திகினு, சோப்பு போட்டு அலசுன பொடவையக் கட்டிகினு போனேன். சோப்பு நாத்தத்துல என்னயே அதுக்குத் தெரியலியோ இன்னாவோ, கண்ணுலயே படல. எம்மவன் சிரிக்கிறான். பூனையப் பாக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியான்னு.

இந்தக் குட்டிய வெறுக்கவும் முடியல பாரு. இதோ, உன் கால் கொலுசப் புடிக்குது. நேத்து முருங்கக்காய அறுக்க வெச்சிருந்தேன், பாம்புன்னு நெனச்சிகினு அதோட சண்ட போட்டுது பாரு, வயிறு வலிக்கச் சிரிச்சேன். சிரிச்சிட்டுக் கரும்புப் பக்கம் பாத்தா வாயில இருக்கிற எச்சி கசக்குது. நான் சிரிச்ச சத்தம் அதுக்குக் கேட்டிருக்குமே.

ஆலையில இருந்து வெட்டுறதுக்கு உத்தரவு வந்துடிச்சின்னு வயக்காரரு வந்து சொல்லிட்டுப் போனாரு. காலையில ஆளுங்க வந்து எறங்கனதும் நான் ஓடிப்போயி மேஸ்திரியப் புடிச்சிகினேன். உனக்குத் தெரியும் இல்ல, கரும்ப ஒரு பக்கத்துல இருந்து வெட்டிகினு போவ போவ, உள்ள இருக்கிறதெல்லாம் பின்னாலயே ஒதுங்கிகினு போவும். கடசியில துண்டா நிக்கிற கரும்புல இருந்துதான் எல்லாம் வெளிய வுழும்.

"தம்பி, உள்ள எங்க பூனை கீது. அந்தாண்ட ஓடைக் கோடியில இருந்து வெட்டிகினு வாங்களேன், எங்க வூட்டுப் பக்கமா வெளிய வந்துடும்"னேன்.

"லாரி இந்தப் பக்கந்தான் ஆயா நிக்கும். அந்தக் கோடியில வெட்டிப் போட்டா, கரும்புக் கட்ட உம் பூனையா தலையில தூக்கிகினு வரும்?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், இன்னா பண்றது. அப்பால பாவம் அவனே சொன்னான், கண்ணுல பட்டா கத்திய நிறுத்திடுறோம் ஆயான்னு. இவங்க கத்தியில எனக்கு பயம் இல்ல. ஓடப் பக்கம் முயல் வரும்னு ஊருப் பசங்க நாயிங்களப் புடிச்சிகினு நிக்கிறானுங்க பாரு, அங்கதான். முயலாவது ஓடும். பல்லு போன கெழட்டுப் பூனை எவ்ளோ தூரம் ஓடும்? தெரிஞ்ச வூடு இந்தப் பக்கம் கீது, வெட்டிகினு போறது அத்த அந்தப் பக்கமாத் தள்ளிகினு போவுது. எம்மவனும் மலைக்குப் பூட்டான். மொழங்கால் வலியோட நான் ஓடய சுத்திப் போயி சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்னு ஒக்காந்துகினே கீறேன். போயி பாத்துட்டா தெரிஞ்சிடுமே, அதான் பயம். தெரியாத வரிக்கும் உள்ள எங்கியோ கீதுன்னு நெனச்சிகினு இருக்கலாம் இல்ல.

இந்தக் குட்டிய உன் கையில குடுக்கலாம்னுதான் ரெண்டு நாளா உன் வழியப் பாத்துகினு இருந்தேன். நீ கோழிக்குஞ்சு வெச்சிருக்கிற, வேணாங்கிற. சரிதான். குடுத்தா மட்டும் அது வந்துடுமா? வராதுன்னு எனக்கே தெரியுது. ஒரு தடவ மோந்துட்டுப் போனது போனதுதான்.

இரு இரு, இன்னா சத்தம் நின்னுடிச்சி? எட்டிப் பாரு. இன்னும் எவ்ளோ நிக்கிது? அவ்ளோதானா? நம்ம மாட்டுக் கொட்டா அளவா?

யாரு கூப்புடுறது? தண்ணியா? குடிக்கத் தண்ணி இல்லியாம், அந்தக் கோடியில இருந்து கத்துறான். பாவம், வெயிலு. கொடத்த எடு, நான் சும்மாடு சுத்திக்கிறேன். வலிச்சா வலிக்கட்டும், தண்ணி கேட்டவங்களுக்கு இல்லன்னு எப்பிடிச் சொல்றது? இந்தா, இத்த உன் மடியில வெச்சிக்கோ, வுட்டுடாத, என் பின்னாலயே ஓடியாந்துடும். உன் கொடியில நீ கட்டி அவுத்த பழம்பொடவ கெடக்குதே, அத்த எடுத்துக் குடு, மேல சுத்திகினு போறேன். பெருசு எத்தினி வாட்டி உன் வூட்டுல மீன் திருடியிருக்கு, உன் வூட்டு வாசன அதுக்குத் தெரியும். நாய் கத்துதா அங்க? இல்லியா? சரி, கொடத்தத் தூக்கி வுடு, ததும்புது பாரு, பாத்து.