யார்னலின் விரல்

ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும் முன்பும் ஜேபஸ் யார்னல் மைதானத்திலிருந்து பசுக்களை விலக்குகிறார். அடிப்பதில்லை, அதட்டுவதில்லை. ஒவ்வொரு பசுவிடமும் போய், "நண்பா, கொஞ்சம் நகர்றியா?" என்று கேட்டுவிட்டு நிற்கிறார். பசு யோசித்து முடிக்கும்வரை இரண்டு அணிகளும் காத்திருக்கின்றன.

பிலடெல்பியாவுக்கு வெளியே இருக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரான எங்கள் கல்லூரியில் அவர் லத்தீன் ஆசிரியர், கிரிக்கெட்டுக்கு நடுவர். ஆட்ட ஞானம் சுமார்தான். ஆனால் மனிதருக்குப் பொய் சொல்ல வராது என்பதை எங்களோடு ஆட வரும் நகரத்துக் கல்லூரிப் பையன்களே ஒப்புக்கொண்டதால், அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. அந்தத் தலையில் அகலமான தொப்பி ஒன்றும் உண்டு. ராஜாவே வந்தாலும் நாங்கள் தொப்பியைக் கழற்ற மாட்டோம். அதன் விளிம்பு மறைப்பதால், உயரே போன பந்து எதையும் யார்னல் இதுவரை பார்த்ததில்லை.

எல்லோரும் சமம் என்பதால் எங்களுக்கு எல்லோரும் 'நீ'தான். கல்லூரித் தலைவரும் நீ, பசுவும் நீ. நகரத்து அணித்தலைவன் ஹார்ட்லி, நீதிபதி மகன், இதைக் கேட்டு ஒருமுறை முகம் சிவந்தான். "கவலைப்படாதே நண்பா, உங்கப்பா வந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவேன்" என்று யார்னல் சமாதானம் சொன்னார்.

தீர்ப்பு சொல்வதில் அவருக்கு அவசரமே கிடையாது. எங்கள் வழிபாட்டில் பாதிரியும் இல்லை, பாட்டும் இல்லை. உள்ளே உண்மை தெளியும்வரை கண்ணை மூடி மௌனமாக உட்கார்ந்திருப்போம். சபைப் பெரியவர்கள் இருவர் கைகுலுக்கினால் கூட்டம் கலைந்தது என்று அர்த்தம். அவுட்டா என்று கேட்டாலும் யார்னல் அப்படித்தான் கண்ணை மூடுவார். அவர் திறப்பதற்குள் பந்து வீசியவன் புல்லில் உட்கார்ந்து ஒரு முழு ஆப்பிள் பணியாரத்தைத் தின்று தீர்த்த நாளும் உண்டு.

சென்ற சனிக்கிழமை, கல்லூரி நிலத்தையும் நிர்வகிக்கும் சபைப் பெரியவர்கள் இரண்டு பேர் ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். போன ஆட்டத்தின் கூச்சல் அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. "இன்னைக்கும் அப்படின்னா, வசந்தத்துல இந்த நிலத்துல உருளைக்கிழங்குதான்" என்றார் மூத்தவரான மோர்டிகை. யார்னலின் முகம் வெளுத்தது. வாரம் முழுவதும் எங்கள் லத்தீனைக் கேட்டு நொந்துபோகும் மனிதருக்கு இருக்கும் ஒரே சந்தோஷம் இந்த மைதானம். எனக்கே பாவமாக இருந்தது.

மாலையில் எங்கள் கடைசி ஜோடி களத்தில் நின்றது. இன்னும் இரண்டு ஓட்டம் எடுத்தால் வெற்றி, ஒருவன் அவுட்டானாலும் தோல்வி. எதிர்முனையில் நான், அடிக்க நின்றவன் எனோக் பாசெட். பந்து வந்தது, எனோக் மட்டையைச் சுழற்றினான், பின்னால் நின்ற விக்கெட் கீப்பர் பந்தைப் பிடித்தான். நகரத்தார் அத்தனை பேரும் "அவுட்!" என்று அலறிய அலறலில் ஒரு பசு வேலியைத் தாண்டி ஓடியது. மோர்டிகையின் புருவம் தொப்பிக்குள் ஏறிவிட்டது. அவ்வளவுதான், உருளைக்கிழங்குதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"நண்பா எனோக், மட்டையில பட்டுச்சா?" என்று கேட்டார் யார்னல்.

"தெரியலையே. பயத்துல கண்ண மூடிட்டேன்."

"அப்ப காத்திருப்போம்."

அவர் கண்ணை மூடினார். எனோக்கும் மூடினான். எங்கே ஒருவர் மௌனமானாலும் கூட இருப்பவர்களும் மௌனமாவது எங்களுக்குச் சிறுவயதிலிருந்தே ஊறிய பழக்கம். நான் மூடினேன், மரத்தடியில் எங்கள் அணி மூடியது, பெரியவர்களும் மூடினார்கள்.

"என்னடா இது, எல்லாரும் தூங்கிட்டாங்களா?" என்று ஹார்ட்லி கிசுகிசுப்பது கேட்டது. பிறகு அவனும் உட்கார்ந்துவிட்டான். வெயில் இறங்கியது. கடைசியில் மோர்டிகை நீண்ட மூச்சு விட்டு, பழக்க தோஷத்தில், பக்கத்திலிருந்த பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூட்டம் கலைந்தது! நாங்களும் எழுந்து கைகுலுக்கினோம். ஸ்டம்புகளைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்த பிறகுதான், தீர்ப்பு வருமுன்பே ஆட்டத்தைக் கலைத்துவிட்டது எனக்கு உறைத்தது.

"அப்ப யாருதான் ஜெயிச்சது?" என்று கத்தினான் ஹார்ட்லி. ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று நகரத்தார் முணுமுணுத்துக்கொண்டே குதிரை வண்டியில் ஏறினார்கள்.

மோர்டிகையின் கண் கலங்கியிருந்தது. "புல்வெளியில இவ்வளவு அருமையான கூட்டமா! கிழங்க வேற எங்கயாவது போட்டுக்கலாம்" என்றார்.

யார்னல் மட்டும் ஸ்டம்பு இல்லாத இடத்தில் கண்மூடி நின்றுகொண்டிருந்தார். வண்டி வாசலைத் தாண்டியபோது கண் திறந்தார்.

"பட்டுச்சு. சத்தம் என் காதுல விழுந்துது. இப்பத்தான் தெளிஞ்சுது."

"விட்டுடு நண்பா. பெரியவர் பார்க்குறாரு. நிலமே இப்பத்தான் தப்பிச்சுது" என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

அவர் கையை உதறிக்கொண்டு ஓடினார். யார்னல் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒரு கை தொப்பியைப் பிடித்திருக்க, மறு கையின் ஒற்றை விரல் வானத்தைப் பார்த்து நின்றது. வழியனுப்ப வருகிறார் என்று நினைத்து வண்டியிலிருந்தவர்கள் சந்தோஷமாகக் கையசைத்தார்கள். வண்டி திரும்பி மறைந்தது, புழுதி அடங்கியது. அவர் தூக்கிய விரலை இறக்காமல் சாலை நடுவில் நின்றார். கை வலித்ததும், தொப்பியை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, அடுத்த கையின் விரலை உயர்த்தினார்.