ஏலத்தில் எடுத்த ஆக்ஸிஜன் மெஷின்

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போன பிறகு சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. வாடகைக்கு எடுத்திருந்ததை அந்த வாரக் கடைசிக்குள் திருப்பிக் கேட்டார்கள். புதிது வாங்க வசதியில்லை. ராயகிரியில் உரக்கடை வைத்திருக்கும் என் தம்பிதான் ஆன்லைன் ஏலத்தில் பழையது ஒன்றைக் கண்டுபிடித்தான். மதுரையில் யாரோ விற்கிறார்கள். பொருளைப் பார்த்து நாங்கள் சரி என்று சொல்லும்வரை அந்தத் தளமே பணத்தைப் பிடித்து வைத்திருக்கும். மத்தியானம் ஏலம் எங்களுக்கே முடிந்தது.

உடனே என் வாட்ஸப்புக்கு ஒரு புது எண்ணிலிருந்து செய்தி வந்தது. நான்தான் விற்பவர், தளத்தில் கமிஷன் அதிகம், பணத்தை நேராக எனக்கே அனுப்பினால் இன்றைக்கே பார்சல் போட்டுவிடுவேன், இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தது. தம்பி என் பக்கத்தில்தான் இருந்தான்.

"அனுப்பிரு அக்கா. யோசிச்சுக்கிட்டே இருந்தா வேற எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்."

எனக்குக் கை வரவில்லை. மெஷினை ஓட்டி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லிக் கேட்டேன். ஏலத்தில் போட்டிருந்த அதே படத்தைத் திரும்ப அனுப்பினார்கள். கூப்பிட்டால் எடுக்கவில்லை. நம்பிக்கையில்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று கோபமாக ஒரு வரி மட்டும் வந்தது. நான் ஏலத் தளத்துக்குள்ளேயே விற்பவருக்கு எழுதிக் கேட்டேன். அங்கே பதிலே இல்லை.

சாயங்காலம் முழுக்க அடுப்படிக்கும் அப்பா கட்டிலுக்குமாக நடந்தேன். அவர் மூச்சு இழுக்கிற ஒவ்வொரு தடவையும் தப்புப் பண்ணிவிட்டேனோ என்று தோன்றியது. வாட்ஸப்பில் வந்தவரே நிஜமான ஆளாக இருந்து, என் சந்தேகத்தால் மெஷின் கைவிட்டுப் போனால் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வேன்? தம்பி என்னோடு பேசாமலே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் தளத்தில் பதில் வந்தது. விற்பவர் ஒரு அம்மா. தான் யாருக்கும் வாட்ஸப்பில் எழுதவே இல்லை என்றார். கணவருக்குப் பதினாறாம் நாள் காரியம், போனைப் பார்க்க முடியவில்லையாம். 'சங்கரன்கோவிலுக்கு அனுப்புவீர்களா' என்று ஏலப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் கேட்டபோது தம்பி என் நம்பரையும் சேர்த்துப் போட்டிருக்கிறான். அதை எவனோ எடுத்திருக்கிறான். உடனே தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

அன்றைக்கே ஒரு கார் பிடித்து இரண்டு பேரும் மதுரைக்குப் போனோம். அந்த அம்மா பக்கத்து வீட்டுக்காரரையும் கூட உட்கார வைத்திருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. முன்னப்பின்ன தெரியாதவங்கள வீட்டுக்குள்ள விடப் பயமா இருந்துச்சு."

"எங்களுக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

மெஷினை வெகுநேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். ஆக்ஸிஜன் அளவு குறையாமல் நின்ற பிறகுதான் தளத்தில் சம்மதம் கொடுத்தேன். வாராவாரம் எந்த வடிகட்டியைக் கழுவ வேண்டும் என்று அவர் கழற்றிக் காட்டினார். மெஷினைக் காரில் ஏற்றும்போது வாசலுக்கு வராமல் உள்ளேயே இருந்துகொண்டார்.

வீட்டில் மாட்டியதும் அப்பாவின் மூச்சு மெல்ல நிதானப்பட்டது.

"இது யாருட்ட இருந்துச்சு?" என்று கேட்டார்.

மதுரையில் ஒரு வீட்டில் என்றேன். அவர்களுக்கு இப்போது வேண்டாமா என்று கேட்டுவிடுவாரோ என்று குழாயைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.