போர்வைக்குள் இருந்த மாமி

எங்கள் சபையில் வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்காக ஜெபம் பண்ணுகிற வேலை எனக்கும் இன்னொரு அம்மாவுக்கும். எங்கள் கோயில் பொன்மலையில். ஐயர், அதாவது எங்கள் போதகர், யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார். நான் ஐந்தாவதோடு நின்றவள். கூட வருகிற அம்மா பத்தாவது பாஸ். அதனால் சீட்டு அவர் கையில், ஜெபம் என் வாயில். ஜெபத்துக்குப் படிப்பு எதற்கு, தொண்டை இருந்தால் போதாதா?

அன்றைக்குச் சீட்டில் இருந்தது எங்கள் சபைப் பெண் ஒருத்தி. பித்தப்பையில் கல். மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். போய்ப் பார்த்தால் தலையிலிருந்து கால்வரை போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தாள். ஏ.சி. குளிருக்கு அப்படித்தான் படுப்பார்கள், தூங்குகிறவளை எழுப்புவானேன் என்று போர்வைமேல் கையை வைத்து, கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டேன்.

நான் ஆரம்பித்தால் லேசில் முடியாது. "கர்த்தாவே, மலைக்கோட்டைப் பாறையையே தூக்கி வச்சவரு நீங்க. இவ வயித்துல இருக்கிற புளியங்கொட்டை சைஸ் கல்லு உங்களுக்கு எம்மாத்திரம்? கரைச்சுப் போடுங்க" என்று அரை வார்டுக்குக் கேட்கும்படி மன்றாடினேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன்.

போர்வை மெல்லக் கீழே இறங்கியது. உள்ளே இருந்தவருக்கு எண்பது வயதிருக்கும். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு. இரண்டு மூக்கிலும் வைரம்.

"முடிஞ்சுடுத்தாடிம்மா?" என்று கேட்டார்.

என்னோடு வந்த அம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"எனக்குக் கல்லெல்லாம் கிடையாது. இடுப்பு எலும்புன்னா ஒடிஞ்சிருக்கு. நீ பாட்டுக்குக் கரைச்சிண்டிருந்தே. நடுவுல பேசப்படாதேன்னு சும்மா இருந்தேன்."

கல்காரி காலையிலேயே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய்விட்டாளாம். அந்தக் கட்டிலுக்கு இந்த மாமி வந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"மன்னிச்சுக்கோங்க மாமி, ஆள் மாறிப் போச்சு" என்று கிளம்பப் பார்த்தேன்.

"பரவாயில்லை. இவ்வளவு நேரம் பேசினியே, ஒரு வாய் காபி வாங்கித் தருவியா? காலம்பற விழுந்ததுலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை."

காபி வாங்கிவரப் போனேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மாமிக்கு வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்ததும் ஓடிவிட்டார். மாமியின் ஒரே பையன் வெளிநாட்டில். டிக்கெட் கிடைத்து வந்து சேர இரண்டு நாள் ஆகும்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். நாளைக் காலையிலேயே ஆபரேஷன் பண்ண வேண்டும், இந்த வயதில் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும், தள்ளிப் போடக் கூடாது என்றார்.

"பையன் போன்ல சரின்னு சொல்லிட்டார்மா. ஆனா தியேட்டர் வாசல்ல உங்க ஆளு ஒருத்தர் இருந்தாகணும்."

மாமி மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "என் பையன் வரட்டும். ரெண்டு நாள்தானே."

டாக்டர் எவ்வளவோ சொன்னார். மாமி சுவர் பக்கம் திரும்ப முயன்றார், இடுப்பு விடவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். டாக்டர் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"கத்திக்குப் பயமில்லைடிம்மா. உள்ளே போறச்சே எனக்குன்னு வெளியில ஒருத்தரும் இல்லேன்னா, போனவ போனவதானேன்னு தோணறது. அந்தக் கதவை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நான் உக்காந்திருக்கேன் மாமி" என்று சொல்லிவிட்டேன். என்னோடு வந்த அம்மா முழங்கையால் என் விலாவில் ஒரு குத்து விட்டார்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேதக்காராதானே நீங்க?"

"ஆமாங்க."

"உங்க சாமிகிட்ட எனக்காகச் சொல்லிக்கோ, வேண்டாங்கலை. ஆனா என்னை மாத்திடாதே."

"மாமி, என் வீட்டுக்காரரு குளிச்ச ஈரத் துண்டைக் கட்டில்லயே போடுறாரு. நாப்பது வருசமா அதையே என்னால மாத்த முடியல. உங்களை எங்க மாத்தப் போறேன்?"

இடுப்பு ஒடிந்தவரைச் சிரிக்க வைக்கக் கூடாது. பாவம், வலியில் துடித்துப் போனார்.

நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தாள். நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள். படுக்கையிலிருந்து பதில் வந்தது. "தங்கைன்னு போட்டுக்கோ."

நர்ஸ் மாமியின் வைரத்தையும் என் வெறும் நெற்றியையும் பார்த்தாள். "கூடப் பொறந்தவங்க மாதிரி தெரியலையே பாட்டி?"

"அவ எங்கப்பா ஜாடை" என்றார் மாமி.

நர்ஸ் சிரித்துவிட்டு 'தெரிந்தவர்' என்று எழுதினாள். அதுவும் முக்கால் பொய்தான், தெரிந்து அரை நாள்கூட ஆகவில்லை. என் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் போட்டு முடித்தேன். ராத்திரிக்கு வார்டு ஆயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, விடிகாலை வருகிறேன் என்று கிளம்பினேன்.

"வருவியோடி?" என்று மாமி கேட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

வீட்டில் என் வீட்டுக்காரர் ஆடித் தீர்த்தார். அவர் ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருடம் சம்மட்டி பிடித்தவர். குரலும் அதே சத்தம்.

"யாரு எவருன்னே தெரியாத பொம்பளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்கிறியே, உனக்கு மூளை இருக்கா? அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆயிட்டா அந்தப் பையன் உன் சட்டையைப் புடிக்க மாட்டான்?"

"நான் சட்டை போடுறதில்லை."

"விளையாடாதடி. ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்ணுவ?"

"ஆகாம பாத்துக்கிறது ஆண்டவர் வேலைங்க. வாசல்ல உக்காந்திருக்கிறதுதான் என் வேலை. நான் என் வேலையைச் செய்றேன், அவரு வேலையை அவரு பாக்கட்டும்."

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. இடையில் கல்காரி வேறு போன் பண்ணி, "எனக்குன்னு வந்த ஜெபத்தை யாருக்கோ பண்ணிட்டீங்களாமே அக்கா" என்று கோபித்துக்கொண்டாள். உனக்கு வெந்நீரும் பத்தியமும் போதும் என்று சொல்லி வைத்தேன்.

விடிகாலை எழுந்தால் வாசலில் மொபட் நின்றது. பால் வாங்கத்தான் போகிறேன், வேண்டுமானால் ஏறிக்கொள் என்றார் என் வீட்டுக்காரர். பொன்மலையிலிருந்து ஊருக்குள் வந்து பால் வாங்குகிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாமி விழித்துக்கொண்டுதான் இருந்தார். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்பேன் வைத்து எடுத்தேன், வெந்நீரில் துடைத்தேன், ஆஸ்பத்திரி அங்கியை மாட்டினேன். முதலில் கூச்சப்பட்டார். "என் மாமியாருக்கு ஏழு வருசம் செஞ்ச கை மாமி, இதுக்கு எல்லாம் பழக்கம்" என்றதும் விட்டுவிட்டார்.

நகையெல்லாம் கழற்றச் சொன்னாள் நர்ஸ். மூக்குத்தி திருகு அசையவில்லை. கல்யாணத்தில் போட்டது, அப்புறம் கழற்றியதே இல்லையாம். சோப்புத் தண்ணீர் விட்டு விட்டுக் கால் மணி நேரம் போராடி எடுத்தேன். மாமி இரண்டையும் என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"திரும்பி வந்தா என்கிட்ட குடு. வரலேன்னா என் பையன்கிட்ட குடு."

அடுத்து நர்ஸ் பஞ்சை நனைத்துக்கொண்டு நெற்றிக் கோட்டை அழிக்க வந்தாள். மாமி கையால் மறைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், ஆபரேஷன் இடுப்புலதானே? நெத்தியில உங்களுக்கு என்ன வேலை?" என்று நான் நடுவில் நின்றேன். அவள் பெரிய நர்ஸிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மாமி ரங்கா, ரங்கா என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரில் உள்ளே போனார். கதவு சாத்தியது.

ஒன்றரை மணி நேரம் என்று சொன்னார்கள். அது ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மூன்றும் ஆகப் போயிற்று. மூக்குத்தியை முந்தானையில் முடிந்து, முடிச்சைக் கைக்குள் பிடித்தபடி இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரிடம் விட்ட வீறாப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்வேன்? கட்டில் மாறி வந்தது என் அசட்டுத்தனமா, இல்லை ஆண்டவர் அனுப்பினதா?

வழக்கமாகப் பக்கம் பக்கமாக ஜெபம் பண்ணுகிறவளுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, உக்காந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. நான் நகர்ந்த நேரம் பார்த்துக் கதவு திறந்துவிட்டால்?

திறந்தது. நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். முட்டி மரத்துப் போய், நாற்காலியைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

மாமி உயிரோடு இருந்தார். எலும்பு ரொம்ப மெலிந்திருந்ததால் நேரமாகிவிட்டது, மற்றபடி நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். மயக்கம் தெளிகிற குளிரில் மாமிக்குப் பல் கிடுகிடுவென்று ஆடியது. போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"இருக்கியா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இருக்கேன் மாமி. எழுந்திருக்க முடிஞ்சாத்தானே போறதுக்கு."

அந்த நேரம் பார்த்து, நான் வாங்கி வைத்திருந்த மாமியின் போனில் பையன் கூப்பிட்டான். ஏதோ ஓர் ஏர்போர்ட்டில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கிறானாம். குரல் அழுகிறாற்போல இருந்தது. போனை மாமியின் காதில் வைத்தேன்.

"ஆயிடுத்துடா. நன்னா இருக்கேன்" என்றார், குழறிக் குழறி. "நீ அவசரப்படாதே. ஏதாவது சாப்பிட்டுட்டு மெதுவா வா. இங்க ஆள் இருக்கு."