கதவுக்கு வெளியே பாடியவள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு டிவியில் படம் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கரண்டு போய்விட வேண்டும் என்று தேவகுமாரி காலைப் பூசையிலிருந்தே மாதாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஏற்காட்டு மலைமேல் தும்மினால் போகிற நாகலூர்க் கரண்டு, அன்றைக்கென்று பார்த்து அசையாமல் நின்றது. இவள் வேண்டுதல் மட்டும் உடனே பலித்துவிடுமா என்ன!

படம் பாடகி சுகந்தியைப் பற்றியது. சுகந்தியைத் தெரியாத ஆள் தமிழ்நாட்டில் உண்டா? பாட வந்த புதிதில் சென்னையில் ஒரு கேசட் கம்பெனி மாஸ்டரிடம் அறைபட்டு, உதைபட்டு, உள்ளே அடைபட்டுக் கிடந்து தப்பி வந்த கதையைப் போன வருசம் அவளே வாய்விட்டுச் சொன்னாள். டிவிக்காரர்கள் சும்மா விடுவார்களா, படமாகவே எடுத்துவிட்டார்கள். மகள் ஷெர்லின் பத்து நாளாக அந்த விளம்பரத்தைப் பார்த்துப் பார்த்துத் தேவகுமாரியின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

தேவகுமாரியும் பத்தொன்பது வயதில் பாடத்தான் சென்னைக்குப் போனாள். ஈஸ்டர் பூசையில் அவள் குரலைக் கேட்ட ஒருவன் கையோடு கூட்டிப்போனான். ஏழே மாதத்தில், தொண்டை கெட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்து எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்க இறங்கிவிட்டாள். ஜீப் ஓட்டுகிற லூர்துராஜ் அவளைக் கட்டிக்கொண்டான். எந்தக் கம்பெனி, யார் மாஸ்டர் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கோயிலில் எல்லோரும் பாடும்போது பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நிற்பாள். பாவம், தொண்டை போய்விட்டது என்று ஊரே இரக்கப்படும்.

தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. அவள் போய்ச் சேர்ந்ததும் அதே மாஸ்டரிடம்தான். மாஸ்டர் சுகந்தியை உள் அறையில் போட்டு அடிக்கிறபோது அலறல் தெருவுக்குக் கேட்கக் கூடாது. அதற்காகக் கதவுக்கு வெளியே ஒருத்தி உட்கார்ந்து உச்சக் குரலில் பாட வேண்டும். தேவகுமாரி பாடினாள். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. அதற்குப் பிறகு பாட அவளுக்குக் குரல் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. இது புருசனுக்கும் மகளுக்கும் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் அந்த வீட்டில் அவள் முகத்தில் யார் விழிப்பார்கள்?

படம் ஓடியது. அரை மணி நேரம் கழித்து, கழுத்தில் ஜெபமாலை போட்ட ஒரு ரெட்டைச் சடைக்காரி மாஸ்டர் வீட்டுக்குள் வந்தாள். படத்தில் அவளை ஏற்காட்டுப் பெண் என்றார்கள்.

"அட, நம்ம மலைப் புள்ள!" என்று லூர்துராஜ் தொடையைத் தட்டினான்.

தேவகுமாரி ரிமோட்டைக் கண்ணால் தேடினாள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்ள, படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஆனால் லூர்துராஜ் விடுகிற ஆளா? ஏணியைச் சாத்திக் கூரைமேல் ஏறிவிட்டான். ஷெர்லின் ஏணியைப் பிடிக்கப் போனாள். மழை வந்தால் இந்தப் பக்கத்து வீடுகளில் இதுதான் வேலை: மேலே ஒருத்தர் டிஷ்ஷைத் திருப்ப வேண்டும், உள்ளே ஒருத்தர் குரல் கொடுக்க வேண்டும்.

"ஏம்புள்ள, வருதா?"

வந்துவிட்டது. பளிச்சென்று வந்தது. ரெட்டைச் சடைக்காரி ஆர்மோனியத்தின் முன்னால் உட்காருகிறாள். பின்னால் கதவு சாத்திக்கொள்கிறது.

"வரலைங்க!" என்றாள் தேவகுமாரி.

"இப்ப?"

"இல்லைங்க! விட்டுட்டு இறங்கி வாங்க!"

"இரு, இன்னுங் கொஞ்சம் அந்தாண்ட போயித் திருப்பறேன்."

கூரைத் தகரம் சரக்கென்றது. "அப்பா!" என்று வெளியே ஷெர்லின் வீரிட்டாள். தகரம் பறக்காமலிருக்கப் பாரம் வைத்திருந்த கல் ஒன்று உருண்டு வாசலில் விழுந்தது. தேவகுமாரி துள்ளி எழுந்தாள். தன் மானத்தைக் காப்பாற்றப் புருசனைக் காவு கொடுக்கவா?

"வந்துருச்சுங்க! நல்லா வருதுங்க! இறங்குங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

இரண்டு பேரும் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்கள். திரையில் உள் அறையில் அடி விழுந்துகொண்டிருந்தது. வெளியே மலைப் பெண் பாடினாள். பாடிக்கொண்டே கதவைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். டிவிக்காரனுக்கு அழுகை மட்டும் போதுமா, ஒரு வில்லியும் வேண்டுமே!

"த்தூ! நம்ம ஊர்ப் பேரக் கெடுக்கறதுக்குன்னே வந்து பொறந்திருக்கா" என்றான் லூர்துராஜ்.

"இவளெல்லாம் ஒரு மனுசியாப்பா? சிரிக்கறா பாருங்க" என்றாள் ஷெர்லின்.

"அவ சிரிக்கல."

சொன்ன பிறகுதான் தான் பேசிவிட்டது தேவகுமாரிக்கே தெரிந்தது.

"நீ எதுக்கும்மா அவளுக்கு வக்காலத்து வாங்கற?"

"பாடுனா. அது நெசம். ஆனா சிரிக்கல கண்ணு. பயத்துல உக்காந்த எடத்துலயே ஒண்ணுக்குப் போயிருச்சு. பாவாடையெல்லாம் நனைஞ்சிருச்சு. அப்பறமும் நிறுத்தாமப் பாடுனா. நிறுத்துனா அவனுக்குக் கோவம் வந்துரும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நாந்தான் கண்ணு அது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷெர்லின் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். பெற்ற மகள் இரண்டடி தள்ளிப் போனதற்கே தேவகுமாரிக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. லூர்துராஜ் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, வரப்போகிற வசவுக்குக் காத்திருந்தாள்.

அவன் ரிமோட்டைக் கீழே வைத்தான். தலையிலிருந்து வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை.

"குமாரி," என்றான் கடைசியில். "அந்த நாயி ஒருத்திய மட்டும் அடிச்சிருக்க மாட்டான். நீ உள்ள இருந்தப்ப வெளிய யாரு பாடுனது?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. மகளைப் பார்த்தாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுகந்திதானுங்க," என்றாள். "அவளும் அப்பச் சின்னப் புள்ளைதானுங்க."