அத்திப் பண்டா, அரட்டிப் பண்டா?

"நைனா பறவ வராத நாள்ல அம்மா பறவ இன்னா துன்னும்?"

அப்பாவை நைனா என்று கூப்பிடும் என் மூன்று வயது மகள் கேட்ட இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திருச்சானூரில் ஒற்றை அறையில் குடியிருக்கிறோம். ரேணிகுண்டா பட்டறையில் வெல்டராக இருந்த என் கணவர், கூடுதல் சம்பளத்துக்காக அந்தமானுக்குப் போனார். அவர் போனதிலிருந்து மகள் சாப்பிடவே இல்லை. வாயில் வைத்ததைத் துப்புவாள். விலா எலும்பு தெரியத் தொடங்கியது. சோறு குழையவில்லையோ, நான்தான் அதட்டிவிட்டேனோ என்று மருகுவேன்.

ஒருநாள் அவர் பக்கத்து எஸ்டிடி பூத்துக்குப் போன் செய்தார். கலங்கரை விளக்க வேலைக்காக அந்தமானைச் சேர்ந்த நார்கொண்டம் தீவுக்குப் போய் வந்திருந்தார்.

"அங்க ஒரு இருவாச்சிப் பறவ கீது. வேற எந்த ஊர்லயும் கிடையாதாம். பொட்டை பெரிய மரத்துப் பொந்துல பூந்து, வாசல அடைச்சிக்கினு குஞ்சோட குந்திக்கினு இருக்கும். ஆண்தான் சந்து வழியா பழம் ஊட்டும்."

"இன்னா பழங்க?"

இரைச்சலுக்கு நடுவே "அரட்டிப் பண்டு" என்று கேட்டது. எங்கள் பக்கம் வாழைப்பழத்தை அப்படித்தான் சொல்வோம்.

அன்று மாலை மகளோடு உள்ளே உட்கார்ந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். வீட்டுக்கார அக்காவிடம் கதையைச் சொல்லியிருந்தேன். கதவிடுக்கில் உரித்த பழம் நீண்டது.

"ஆண் பறவ வந்துட்சி! அலகத் தொறங்கடி ரெண்டு பேரும்!"

மகள் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். பிறகு தயிர்சோறும் அதே இடுக்கு வழியாக உள்ளே வந்தது. அந்த அக்காவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

விடுப்பில் வந்தவரிடம் மகள் பெருமையாகச் சொன்னாள்: "இருவாச்சி அரட்டிப் பண்டு துன்னும் நைனா!"

"அரட்டியா? அத்திப் பண்டுன்னு இல்ல சொன்னேன்! அந்தக் காடு பூரா அத்தி மரம். சமயத்துல பூச்சி, பல்லி கூடப் புடிக்குமாம்."

"அப்போ குழந்தைக்குப் பொய்யையா ஊட்டினேன்?" என்றேன்.

அவர் சிரித்தார். "வுடு. பல்லின்னு காதுல வுழுந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

அவர் மறுபடி கப்பலேறிய அன்றுதான் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். அம்மா பறவை பட்டினி கிடக்கும் என்றால் இவளும் கிடப்பாள். வெளியே பறந்துபோகும் என்றால் நாமும் நைனாவிடம் போகலாம் என்பாள். இன்னொரு பொய் சொல்லவும் பயமாக இருக்கிறது.

பிள்ளை வளர்த்தவர்களே, நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? எனக்கும் சொல்லுங்கள்.