முதலாளி வந்து போகிறார்

செத்துப்போன என் நண்பர் வைஃபை தேடி வருகிறார் என்று நான் நம்பினேன். கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒருவன் இதை நம்பலாமா என்றால், ஒரு வாரம் முழுக்க நம்பினேன்.

வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்ததும் பழைய ரவுட்டர்கள் என் கடையில் சாக்கு சாக்காகச் சேர்ந்தன. நாகலாபுரம் பக்கம் நண்பருடைய ஊரில் போனில் பேச்சு கேட்கும், இன்டர்நெட் நகராது. நூலகத்துக்கு ஒரு இணைப்பு வாங்கினோம். பழைய ரவுட்டர்களின் மென்பொருளை மாற்றி, வீட்டு மாடிக்கு ஒன்றாக வைத்து, இணைப்பை ஒன்றிடம் ஒன்று வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும்படி செய்தோம். கடைசிப் பெட்டி அவருடைய காட்டில், பம்புசெட் ரூம் மேல். அதை மாட்டிய மறுவாரம், பங்குனி வெயிலில், அதே காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆளைத் தூக்கி வந்தார்கள். போனைக் காணவில்லை.

அதுதான் அவர் மனைவிக்கு ஆறாத குறை. யாரிடம் பேசினாலும் போனில் பதிவு செய்து வைக்கிற மனிதர் அவர். "அவிய குரல் அதுலதான் கெடக்கு அண்ணாச்சி. வேற எங்கயும் இல்ல" என்பார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம். அணைந்தே கிடந்தது.

வைகாசியில் ஒரு மதியம், எந்தெந்தப் பெட்டி வேலை செய்கிறது என்று கடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பம்புசெட் பெட்டியின் கீழ் ஒரு பெயர்: முதலாளி. அவர் போனுக்கு நான் கேலியாக வைத்த பெயர். பன்னிரண்டரைக்கு வந்தார். இரண்டு மணிக்குப் போனார். மறுநாளும் அதே நேரம். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வராத மனிதர்.

மூளை உள்ளவன் போன் அங்கேதான் இருக்கிறது என்று ஓடியிருப்பான். நான் விபூதிக்காகக் கழுகுமலைக்கு ஓடினேன். கடையில் இருந்த ரவுட்டர் அத்தனைக்கும் பட்டை போட்டேன். "இது எதுக்கு அண்ணாச்சி, வைரஸுக்கா?" என்றார் ஒரு வாடிக்கையாளர். ஆமாம் என்றேன். நாலாம் நாள் பம்புசெட் பெட்டியைக் கடையிலிருந்தே துண்டித்தேன். அன்று சரியாகப் பன்னிரண்டரைக்குக் கடைக் கதவு தானாகத் திறந்தது. காற்று என்று இப்போது சொல்கிறேன். அப்போது மேசைக்கு அடியில் இருந்தேன்.

மூன்று நாள் கழித்து நண்பரின் மனைவி கடைக்கே வந்துவிட்டார். "காட்டுப் பக்கம் நெட்டு இல்லங்காவ. கேட்டா மழுப்புதீங்க. என்னத்தையோ மறைக்கீங்க."

சொல்லிவிட்டேன். அழப்போகிறார் என்று பார்த்தால் முறைத்தார்.

"ஆவியா வந்தா எங்கிட்டல்லா வருவாவ? ஒங்க டப்பாவத் தேடியா வருவாவ? எந்திரிங்க, வண்டிய எடுங்க!"

கரிசல் வெயிலில் பிளந்து கிடந்தது. முழங்கை இறங்குகிற வெடிப்புகள். கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. பம்புசெட் ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். நண்பருக்கும் அதே வறட்டு இருமல்தான். நான் அவர் மனைவிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர்தான் கதவைத் தள்ளினார்.

தரையில் ஓர் ஆட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்டில் எருவுக்காக ஆடுகளைக் கிடை போட வந்தவர். பக்கத்தில் சார்ஜரில் அந்தப் போன்.

"குட்டிக்குக் காலு வெடிப்புல மாட்டிக்கிச்சு. எடுக்கக் கைய விட்டேன், இது தட்டுப்பட்டுச்சு" என்றார். "உடையவிய கூப்பிடுவாவ, குடுத்துருவோம்னு தெனமும் பன்னெண்டரைக்குக் கரண்டு வந்து ரெண்டு மணிக்குப் போற வர சார்ஜு போட்டுட்டு உக்காந்திருக்கேன். ஒருத்தரும் கூப்பிடலயே தாயி."

கூப்பிட வழியில்லை. பேங்க் வேலைக்காக நண்பரின் அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கி அவர் மனைவியின் போனில் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அன்றே பழைய சிம் செத்துவிட்டது.

நண்பரின் மனைவி திரையில் விரலால் பேட்டர்னை வரைந்தார். திறந்தது. பதிவுகள் எல்லாம் இருந்தன. கரண்டு நிற்கும்வரை அந்த ரூமிலேயே உட்கார்ந்து கேட்டார். நானும் ஆட்டுக்காரரும் வெளியே, ரூமின் பின்பக்க நிழலில் ஒதுங்கியிருந்த ஆடுகளோடு நின்றிருந்தோம்.